மீன்தொட்டிக்கு ஒரு கலிங்கு

முன்னுரை

அறிவியலைத் தமிழில் எழுத வேண்டும் என்று நம் பேரவை மேடைகளில் ஆண்டுதோறும் பேசுகிறோம். பேசி முடித்ததும் ஆங்கிலப் பாடநூலைத் தூக்கிக்கொண்டு நூலகத்திற்குப் போகிறோம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நம் பட்டப்படிப்பு அப்படி. ஆனால் தமிழால் இது முடியுமா முடியாதா என்பதை மேடையில் முடிவு செய்ய இயலாது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசி ஆணி வரைக்கும் விளக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. வீட்டில் வைக்கும் மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டியை வைத்து, மேலிருந்து நீரை வடித்து, சுத்தம் செய்து, பம்பின் வழியாக மீண்டும் மேலே ஏற்றும் அமைப்பு. மீன் வளர்ப்போர் இதைச் 'சம்ப்' என்பார்கள். இயந்திரப் பொறியியல் படித்தவன் என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. நம் வீட்டுத் தரைதான் இன்னொருவர் வீட்டுக் கூரை. அங்கே நூறு லிட்டர் கணக்கில் நீரை வைக்கிறவர், அது எங்கே போகும் என்று கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு கடினமானதன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கத் தெரிந்தால் போதும்.

கீழ்த்தொட்டி எதற்கு?

மீன் உண்ட உணவின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்களுக்கு ஒட்டி வாழ இடமும், ஓடும் நீரும், ஆக்சிஜனும் வேண்டும். கீழ்த்தொட்டி இம்மூன்றையும் தாராளமாகத் தருகிறது.

வேறு நன்மைகளும் உண்டு. மொத்த நீரளவு கூடுவதால் வெப்பமும் கழிவின் செறிவும் சட்டென்று மாறுவதில்லை. மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் முதலில் வடிந்துவிடுவதால் காற்று நீரில் நன்றாகக் கரைகிறது. ஆவியாகும் நீரின் குறைவு மேல்தொட்டியில் தெரிவதில்லை. அங்கே நீர்மட்டம் எப்போதும் ஒரே கோட்டில் நிற்கும். வெப்பமூட்டி, வடிகட்டி, கம்பி, குழாய் எல்லாம் அலமாரிக்குள் மறைந்துவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை ஒன்றே. பம்பு ஓடும்போதும் நிற்கும்போதும் நீர் இடம் மாறும். அந்த இடமாற்றத்தைப் புரிந்துகொண்டவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏரியும் கலிங்கும்

இந்த அமைப்பை விளக்கப் புதுச்சொற்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழகத்து ஏரிகளைக் கட்டியவர்கள் வேண்டிய சொற்களை முன்பே வைத்துவிட்டார்கள். ஏரி நிறைந்ததும் மிகுநீர் வழிந்தோடக் கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல்லால் கட்டுவார்கள். அதுதான் கலிங்கு. ஏரி எவ்வளவு நிறையலாம் என்பதைத் தீர்மானிப்பது கரையின் உயரமன்று, கலிங்கின் உயரமே. கலிங்கின் மேல் வரிசையாகக் கற்களை நட்டு வைப்பதும் உண்டு.

மீன்தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கும். அதன் மேல்விளிம்பு சீப்புப் பல்போல் வெட்டப்பட்டிருக்கும். மீன் உள்ளே போகாமல் நீர் மட்டும் பற்களுக்கிடையே வழிந்து விழும். அதுதான் நம் கலிங்கு. நீரைத் திறந்து மூட வைக்கும் வால்வு மதகு. கீழே இறங்கும் குழாய் வடிகுழாய். கீழிருந்து நீரை ஏற்றுவது மீட்டேற்றுப் பம்பு. இச்சொற்களோடு மேலே செல்வோம்.

நீர் கீழே இறங்கப் பம்பு தேவையில்லை, புவியீர்ப்பு போதும். பம்பு மேலே எவ்வளவு ஏற்றுகிறதோ, அவ்வளவே கலிங்கில் வழியும். எனவே மேலும் கீழுமாக இரண்டு பம்புகளை வைத்துச் சமன்செய்ய முயலக் கூடாது. இரண்டு பம்புகள் ஒருபோதும் ஒரே வேகத்தில் ஓடா.

முதல் வெள்ளம்: மின்சாரம் நிற்கும்போது

பம்பு நின்றதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, கலிங்கின் பல்லுக்கு மேலே நிற்கும் நீர் கீழே வடிகிறது. இது சிறிதளவே. மற்றொன்று, மேலேற்றும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அதே குழாய் பின்னோக்கி இழுக்கும் சைஃபனாக மாறுகிறது. குழாயின் வாய் காற்றில் தெரியும்வரை மேல்தொட்டி நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பம்பின் வழியாகவே அது திரும்பி வருவதால் எந்தச் சத்தமும் கேட்காது.

எங்கள் வீவக வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு தங்கமீன் வளர்க்கத் தொடங்கினார். காலையில் தேநீரோடு தொட்டியின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணிநேரம் ஆகும். நான்கடித் தொட்டியைக் கீழ்த்தொட்டியுடன் ஆள் வைத்துப் பொருத்தினார். சில மாதங்கள் கழித்து, நள்ளிரவுக்குப் பின் மின்தடுப்பான் விழுந்தது. விடியும்போது வரவேற்பறையில் நீர். கீழ்வீட்டு மக்சிக் மேலே வந்து, "உங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். அவருடைய தையல் இயந்திரத்துக்கு நேர்மேலே கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. கூரைக்குச் சாயம் பூசும் செலவை அப்பா கொடுத்தார். அன்று மாலை என்னிடம், "மீனையெல்லாம் யாருக்காவது கொடுத்திடுப்பா. நமக்கு வேண்டாம்," என்றார். "ஒரு வாரம் பொறுங்கப்பா, அளந்து பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

அளந்தவை இவை.

மேல்தொட்டி: 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். நீர்மட்டம் 41 செ.மீ. ஒரு செ.மீ. உயர நீர் = 120 × 45 × 1 = 5,400 கன செ.மீ., அதாவது 5.4 லிட்டர்.

கீழ்த்தொட்டி: 75 × 40 × 40 செ.மீ. ஒரு செ.மீ. உயர நீர் = 3 லிட்டர். முழுக் கொள்ளளவு 120 லிட்டர். பம்பு ஓடும்போது அதிலிருக்கும் நீர் 68 லிட்டர். (முதலிரண்டு அறைகள் 50 × 40 × 24 = 48 லிட்டர்; பம்பு அறை 25 × 40 × 20 = 20 லிட்டர்.) ஆக, காலியிடம் 120 - 68 = 52 லிட்டர்.

பொருத்தியவர் மேலேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே வைத்திருந்தார். காற்றுத் துளை எதுவும் இல்லை. பம்பு நின்றால் இறங்கும் நீர்: 15 × 5.4 = 81 லிட்டர். குழாய்களில் நிற்கும் நீர் ஏறக்குறைய 2.8 லிட்டர். மொத்தம் 83.8 லிட்டர். காலியிடமோ 52 லிட்டர். மிச்சம் 31.8 லிட்டர் தரைக்குத்தான் போக வேண்டும், போனது. அதாவது, அந்தத் தொட்டி பொருத்திய நாளிலிருந்தே வழியக் காத்திருந்தது. மின்சாரம் முதன்முறை நீண்ட நேரம் நிற்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

தீர்வு எளிது. மேலேற்றும் குழாயின் வாயை உயர்த்தி, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே குழாயில் 4 மி.மீ. அளவில் ஒரு துளையிட வேண்டும். நீர் அந்தத் துளை வரைக்கும் இறங்கியதும் காற்று உள்ளே புகும், சைஃபன் அறுந்துவிடும். பம்பு ஓடும்போது அத்துளை வழியே சிறிது நீர் பீறிடும். அது நீர்மட்டத்திற்குக் கீழே இருப்பதால் தெறிக்காது.

எங்கள் தொட்டியில் இப்போது குழாயின் வாயும் துளையும் மட்டத்திலிருந்து 3 செ.மீ.க்குள் இருக்கின்றன. புதிய கணக்கு: 3 × 5.4 = 16.2, குழாய் நீர் 2.8, மொத்தம் 19 லிட்டர். கீழ்த்தொட்டியில் 68 + 19 = 87 லிட்டர். பம்பு நின்றபின் நீர் தடுப்புகளின் மேலே ஏறி ஒரே மட்டமாகும்: 87 ÷ 3 = 29 செ.மீ. விளிம்பு 40 செ.மீ. இன்னும் 11 செ.மீ. காலி.

துளை பாசியால் அடைபடும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே துளையை மட்டும் நம்பாமல், குழாயின் வாயையே மட்டத்திற்கு அருகில் வைப்பது முதற்காப்பு. துளை இரண்டாம் காப்பு. ஒருவழி வால்வைப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு சிறு நத்தையோ பாசித் துணுக்கோ அதன் வாயில் சிக்கினால் அது முழுமையாக மூடாது. அதை மட்டும் நம்பி ஒரு தொட்டியை வைக்கக் கூடாது.

இரண்டாம் வெள்ளம்: வடிகுழாய் அடைபடும்போது

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. இலையோ இறந்த மீனோ வடிகுழாயை அடைத்துவிட்டால் பம்பு நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். ஆனால் பம்பால் ஏற்ற முடிவது பம்பு அறையில் உள்ள நீரை மட்டுமே. மற்ற அறைகளின் நீரைத் தடுப்புகள் பிடித்துக்கொள்ளும்.

பம்பு அறை 25 × 40 செ.மீ.; அங்கே ஒரு செ.மீ. உயரம் ஒரு லிட்டர். நீர்மட்டம் 20 செ.மீ.; பம்பின் வாய் 5 செ.மீ. உயரத்தில். ஏறக்கூடியது 15 லிட்டர். அதனால் மேல்தொட்டியில் மட்டம் 15 ÷ 5.4 = 2.8 செ.மீ. உயரும். மேலே காலியாக இருப்பது 45 - 41 = 4 செ.மீ. எனவே வழியாது. பம்பு காற்றை உறிஞ்சிச் சத்தம் போடும், நாம் எழுந்துவிடுவோம்.

பம்பு அறையைத் தேவையில்லாமல் பெரிதாக்கினால் இந்தக் காப்பு போய்விடும். பெரியது எல்லாம் நல்லதன்று என்பதற்கு இது ஒரு பாடம்.

இரண்டு வெள்ளங்களையும் சேர்த்து இரண்டே விதிகளாக எழுதிவைத்துக்கொள்ளலாம்.

விதி 1: பம்பு நின்றால் கீழே இறங்கும் நீர், கீழ்த்தொட்டியின் காலியிடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

விதி 2: வடிகுழாய் அடைபட்டால் மேலே ஏறும் நீர், மேல்தொட்டியின் காலியிடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

பம்பைத் தேர்ந்தெடுத்தல்

பம்பின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மணிக்கு எத்தனை லிட்டர். மற்றொன்று, எத்தனை மீட்டர் உயரம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று நினைப்பது பொதுவான மயக்கம். முதல் எண் உயரமே இல்லாதபோது கிடைக்கும் ஓட்டம். இரண்டாம் எண் ஓட்டமே நின்றுபோகும் உயரம். நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் இடையில்.

எங்கள் மொத்த நீர்: மேலே 120 × 45 × 41 = 221 லிட்டர், கீழே 68, ஆக 289 லிட்டர். நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு ஐந்து சுற்று என்று வைத்தால் ஏறக்குறைய 1,450 லிட்டர் வேண்டும். கீழ் நீர்மட்டத்திலிருந்து குழாய் ஏறும் உச்சி வரைக்கும் 1 மீட்டருக்குச் சற்று மேல். நான்கு எல்போக்கள், குழாய் உராய்வு ஆகியவற்றுக்கு இடம்விட்டு 1.5 மீட்டர் என்று கொண்டேன். மணிக்கு 3,000 லிட்டர், 3 மீட்டர் என்று எழுதிய பம்பு 1.5 மீட்டரில் ஏறக்குறைய பாதி அல்லது சற்றுக் கூடுதலாகத் தரும். சரியான எண்ணைப் பம்போடு வரும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் அளவும் முக்கியம். ஒரே ஓட்டத்தில் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பம்பின் வாய் அரை அங்குலமாக இருந்தாலும் குழாயை முக்கால் அல்லது ஒரு அங்குலமாக வைப்பது நல்லது. ஓட்டம் மிகுந்தால் பம்பு வெளியேற்றும் பக்கத்தில் வால்வை வைத்துக் குறைக்கலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஒருபோதும் குறைக்கக் கூடாது.

வடிகுழாய்: சத்தமும் அமைதியும்

நேராக ஒரு குழாயை நட்டால் நீரும் காற்றும் கலந்து இறங்கும். குளியலறைத் தொட்டி வடிவதுபோல் இரவெல்லாம் கொப்பளிக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் பரவலாக உள்ளன.

முதல் வழி 'டர்சோ' குழாய். குழாயின் தலையில் ஒரு 'டி' இணைப்பை வைத்து, அதன் பக்கவாயில் எல்போவைக் கீழ்நோக்கித் திருப்பி நீருக்குள் மூழ்க வைப்பார்கள். மேல்மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை. நீர் அடியிலிருந்து நுழைவதால் உறிஞ்சும் சத்தம் அடங்கும். ஒரு அங்குலக் குழாய் இம்முறையில் மணிக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் வடிக்கும் என்பது மீன் வளர்ப்போரின் அனுபவக் கணக்கு.

இரண்டாம் வழியில் இரண்டு குழாய்கள். ஒன்று முழுவதும் நீரால் நிறைந்து சைஃபனாக இறங்கும். அதன் அடியில் ஒரு கேட் வால்வு. அதைத் திருகித் திருகி, வரும் நீரும் வடியும் நீரும் சமமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். மற்றொரு குழாயின் வாய் சற்று உயரத்தில் காலியாக நிற்கும். முதற்குழாய் அடைபட்டால் நீர் உயர்ந்து இதில் இறங்கும். சத்தம் கேட்கும்; அந்தச் சத்தமே எச்சரிக்கை. இரண்டாவது குழாயில் வால்வு எதுவும் வைக்கக் கூடாது. அவசர வாசலுக்குப் பூட்டுப் போடுவார்களா?

சைஃபன் குழாயின் அடிமுனை கீழ்த்தொட்டி நீரில் 1 அல்லது 2 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால் பம்பு மீண்டும் ஓடும்போது குழாயிலுள்ள காற்று வெளியேறத் தாமதமாகும். நான் இரண்டாம் வழியையே தேர்ந்தெடுத்தேன். அப்பாவின் படுக்கையறை தொட்டிக்கு அடுத்த சுவரில்தான் இருக்கிறது.

கீழ்த்தொட்டியின் அறைகள்

முதல் அறையில் வடிகட்டிப் பை அல்லது வடிபஞ்சு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இங்கே நிற்கும். இரண்டாம் அறையில் செராமிக் வளையங்கள் போன்ற நுண்ணுயிர் வாழிடங்கள். அடுத்து, நீர் ஒரு தடுப்பின் மேலும் அடுத்ததன் கீழும் ஏறி இறங்கும் குமிழித் தடுப்பு. கடைசியில் பம்பு அறை.

ஆவியாகும் நீரின் குறைவு முழுவதும் இந்தக் கடைசி அறையில்தான் தெரியும். நாளொன்றுக்கு 1.5 லிட்டர் ஆவியானால், எங்கள் அறையில் 1.5 செ.மீ. இறங்கும். ஏறக்கூடிய 15 லிட்டரும் தீரப் பத்து நாள். பாலேக் கம்போங் என்று இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். நீரில்லாமல் ஓடும் பம்பு சூடேறிக் கெட்டுவிடும்.

நீர் சேர்க்கும்போது இன்னொன்று. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. குளோரினைப்போல ஓர் இரவு வாளியில் வைத்தால் அது போய்விடாது. அதை நீக்கும் மருந்தைச் சேர்த்தே ஊற்ற வேண்டும். தானாக நீர் நிரப்பும் மிதவை வால்வை நேராக வீட்டுக் குழாயோடு இணைக்காமல், தனி வாளியோடு இணையுங்கள். மிதவை கெட்டாலும் வாளி நீர் மட்டுமே வரும். அந்த வாளி 'விதி 1' விட்டுவைத்த மிச்ச இடத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

குழாய் வேலை

1. துளையிடுவதற்கு முன் கண்ணாடி வெப்பத்தால் கடினமாக்கப்பட்டதா என்று கடையில் கேளுங்கள். அவ்வகைக் கண்ணாடியைத் துளைக்க இயலாது, நொறுங்கிவிடும். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி மட்டும் அவ்வகையாக இருக்கும்.

2. சாதாரணக் கண்ணாடியை வைரத்தூள் பதித்த வட்டவாளால், நீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல் துளைக்க வேண்டும். துளைக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில் குறைந்தது துளையின் விட்டமளவு இடம் விடுங்கள். பழக்கமில்லாதவர்கள் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.

3. துளையில் டேங்க் கனெக்டரைப் பொருத்துங்கள். ரப்பர் வாஷர் அகன்ற தலையிருக்கும் பக்கம் வர வேண்டும். திருகும் மரைப்பக்கம் அன்று. கையால் இறுக்கி, பிறகு கால்சுற்று போதும். பலம் காட்டினால் கண்ணாடி விரிசல்விடும்.

4. எல்லாக் குழாய்களையும் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். பேனாவால் அடையாளமிட்டு, பிறகு கழற்றுங்கள்.

5. குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, இரு பக்கமும் பிவிசி பசை தடவி, கால்சுற்று திருகிச் செருகி அரை நிமிடம் பிடித்திருங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். பசையின் ஆவி நல்லதன்று. ஒருநாள் காயவிட்ட பிறகே நீர் விடுங்கள்.

6. பம்புக்கு அருகிலும் வடிகுழாயிலும் ஒவ்வொரு யூனியன் வையுங்கள். இல்லையென்றால் பம்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

7. எல்லாம் நிறைந்தபின் எடை 400 கிலோவை நெருங்கும். சுவரோரம் வையுங்கள், அலமாரி முழுச் சமமாக நிற்கட்டும். இதைவிடப் பெரிய தொட்டி என்றால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளாமல் வாங்காதீர்கள்.

மின்சாரம்

நீரும் மின்சாரமும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் சொருகிக்குப் போகும் முன் அதைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு வளையட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சொருகிப் பலகையைத் தரையில் வைக்காமல் அலமாரியின் பக்கச்சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். கையை நீரில் விடும்முன் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள்.

மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. உயிர்காக்கும் இக்கருவியே, வெப்பமூட்டியில் சிறு கசிவு வந்தாலும் விழுந்து பம்பையும் நிறுத்திவிடும். ஆகவே மின்சாரம் நிற்பதை ஒரு விபத்தாக நினைக்காதீர்கள். அது ஒருநாள் நிற்கும் என்று எண்ணியே தொட்டியை அமைக்க வேண்டும்.

மீனை விடுமுன் சோதனை

ஒட்டிய குழாய்கள் காய்ந்ததும் நீர் நிரப்பி ஒருநாள் வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, நீர்மட்டம் நிலைபெற்றதும் பம்பு அறையில் வண்ண டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள்.

சோதனை 1: மின்சாரத்தை அணையுங்கள். கீழே நீர் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். மீண்டும் போடுங்கள். சைஃபன் தானாகத் தொடங்க வேண்டும். பத்து முறை செய்யுங்கள்.

சோதனை 2: முதல் வடிகுழாயைத் துணியால் அடையுங்கள். இரண்டாவது குழாய் முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா?

சோதனை 3: இரண்டையும் அடையுங்கள். பம்பு அறை வற்றும்வரை அருகிலேயே நில்லுங்கள். மேல்தொட்டி வழிகிறதா? வற்றியதும் உடனே அணையுங்கள்.

எங்கள் வீட்டில் முதற்சோதனையின்போது கீழ்த்தொட்டி நீர் 29 செ.மீ. கோட்டை ஒட்டி நின்றது. அப்பா அளவுகோலை என் கையிலிருந்து வாங்கித் தாமே ஒருமுறை வைத்துப் பார்த்தார். பத்தாவது முறை சுவிட்சை அணைத்தவர் அவர்தான். மீன்களை யாருக்கும் கொடுக்கவில்லை.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை

கணக்கெல்லாம் சரியாக இருந்தும், நல்லெண்ணத்தால் வெள்ளம் வரலாம். பம்பு அறையில் நீர் குறைந்திருப்பதைப் பார்த்து அம்மா ஒரு வாளி நீரை விளிம்புவரை ஊற்றிவிட்டால், காலியிடம் போய்விடும். எனவே டேப்புக் கோட்டின் மேல் "இதற்கு மேல் வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வடிகட்டிப் பையை வாரம் ஒருமுறை கழுவுங்கள். காற்றுத் துளையை மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள். பம்பைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சுழலியைத் துடையுங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகர் கலந்த நீரில் ஊறவையுங்கள்.

பயிற்சி

மேல்தொட்டி 90 × 40 செ.மீ. கீழ்த்தொட்டி 60 × 30 செ.மீ., உயரம் 35 செ.மீ. ஓடும்போது கீழ்த்தொட்டியில் 40 லிட்டர். காற்றுத் துளை நீர்மட்டத்திற்கு 4 செ.மீ. கீழே, குழாயின் வாய் 10 செ.மீ. கீழே. குழாய்களில் 2 லிட்டர். (அ) மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? (ஆ) துளை அடைபட்டிருந்தால்?

விடை: கீழ்த்தொட்டியின் கொள்ளளவு 63 லிட்டர், காலியிடம் 23. (அ) 4 × 3.6 + 2 = 16.4 லிட்டர் இறங்கும், வழியாது. (ஆ) 10 × 3.6 + 2 = 38 லிட்டர் இறங்கும்; 15 லிட்டர் தரைக்குப் போகும். எனவே இத்தொட்டி ஒரு பல்குச்சியை நம்பி நிற்கிறது. குழாயின் வாயை உயர்த்த வேண்டும்.

கலைச்சொற்கள்

கலிங்கு - ஓவர்ஃபுளோ
மதகு - வால்வு
வடிகுழாய் - டிரெயின் பைப்
மேல்தொட்டி - டிஸ்பிளே டேங்க்
கீழ்த்தொட்டி - சம்ப்
மீட்டேற்றுப் பம்பு - ரிட்டர்ன் பம்ப்
காற்றுத் துளை - சைஃபன் பிரேக்
குமிழித் தடுப்பு - பபிள் டிராப்

யூனியன், எல்போ, டேங்க் கனெக்டர் ஆகியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். இரும்புக்கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்.

முடிவுரை

ஒரு துறையைத் தமிழில் எழுதும்போது பழஞ்சொல், புதுச்சொல், கடைச்சொல் மூன்றும் வேண்டியிருக்கின்றன. கலிங்கு என்ற சொல்லை ஏட்டிலிருந்து எடுத்தேன். யூனியனைக் கடையிலிருந்து எடுத்தேன். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையின்றி நின்றன.

நண்பர்களே, உங்கள் துறையிலும் இப்படி ஒரு சிறு பொருள் இருக்கும். மருத்துவம் படிப்பவர் இரத்த அழுத்தம் அளப்பதை எழுதலாம். கணக்கியல் படிப்பவர் வீட்டுக்கடனை எழுதலாம். பெரிய தலைப்புக்குக் காத்திருக்காமல், உங்கள் பெற்றோருக்கு நாளைக்கே பயன்படும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் படித்துவிட்டு, "இந்த இடம் புரியவில்லை" என்று சொல்லும் வரியைத் திருத்தி எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அதை அனுப்புங்கள்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இன்று ஒரு வேலை செய்யுங்கள். அருகில் துணியும் வாளியும் வைத்துக்கொண்டு, பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.